சுவர் வாங்கிக்கொண்டது

நனைந்த காகிதம் உச்சியிலிருந்து சுவரோடு சுவராக இறங்கிக்கொண்டிருக்கிறது, தமயந்தி நாற்காலி மேல் நின்று நடுவிலிருந்து ஓரத்துக்கு, மறுபடி நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று உள்ளங்கையால் தடவித் தடவி அதைப் படிய வைக்கிறாள், வெள்ளைக் காகிதம், கொடியும் இலையுமாகப் புடைத்த வேலைப்பாடு, காய்ந்ததும் மேலே எந்த நிறமும் அடித்துக்கொள்ளலாமாம், அலுத்துப்போனால் அடுத்த வருஷம் வேறு நிறம், வால்பேப்பர் கிழியாது, சுவர் வெளியே தெரியாது, அமுக்கித் தேய்ச்சிராதீங்கக்கா, பூவெல்லாம் படுத்துரும், கைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தேய்ங்க என்று கடைக்காரர் போனில் சொன்னார், சொன்ன மனுஷனுக்கு என்ன தெரியும், கைப்பிள்ளை ஒன்று வரத்தானே இத்தனை பாடும், இந்த வாரக் கடைசியில் வளைகாப்பு முடிந்து சுகந்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள், இந்த அறையில்தான் படுப்பாள், இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், அவள் கண்ணில் அந்தப் பள்ளங்கள் ஒன்றுகூடப் படக்கூடாது, தன் தலையோடு போகட்டும் இந்தக் கருமம், மகளுக்கு வாய்த்த வீட்டில் சுவர் சுவராக இருக்கிறது, அது போதும் என்று தமயந்தி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.

பெயிண்டரைக் கூப்பிட்டிருக்கலாம், மதுரையில் பெயிண்டருக்கா பஞ்சம், ஆனால் பெயிண்டர் வந்தால் முதலில் பள்ளம் அடைக்கப் பட்டி பார்ப்பான், பட்டி பார்க்கிறவன் ஒவ்வொரு பள்ளமாக விரலை விட்டுப் பார்ப்பான், என்னக்கா இது, சுவத்துல கிரிக்கெட்டு விளையாண்டீங்களா என்று கேட்பான், அதனால்தான் அழகர்சாமி இந்தக் காகிதத்தைத் தேடிப் பிடித்தார், பட்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம், இது எல்லாத்தையும் மூடிரும், நீயே ஒட்டிரலாம் தமா என்றார், தமாவாம், கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயர், இத்தனை வருஷம் ஏய் ஏய் என்று இருந்தவருக்கு இப்போதுதான் அது ஞாபகம் வருகிறது, அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மேல ஒரு குமிழு நிக்குது பாரு, இங்கிட்டு, இங்கிட்டு என்று இடதுகையால் காட்டுகிறார், வலதுகை தோளுக்கு மேல் தூக்க முடிவதில்லை, தோள்பட்டை இறுகிப்போய்விட்டது, அதிலிருந்து வீட்டில் எதுவும் பறப்பதில்லை, அண்ணன் எவ்வளவு மாறிட்டாரு, தங்கமா ஆயிட்டாரு என்று நாத்தனார் உருகுகிறாள், மாறவும் இல்லை மண்ணும் இல்லை, கை எழவில்லை, அவ்வளவுதான்.

கை எழுந்த காலத்தில் இது சாப்பாட்டு அறை, அவர் கிழக்குப் பார்த்து உட்காருவார், எதிரே இந்தச் சுவர், ரசத்தில் உப்புக் கூடினால் டம்ளர், தம்பி வீட்டுக்குப் போய்வரட்டுமா என்று கேட்டால் செம்பு, காரணம் கேட்டால் கையில் எது இருக்கிறதோ அது, ஈரக் காகிதத்துக்கு அடியில் தமயந்தியின் உள்ளங்கை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறது, இந்த வட்டம் டம்ளர், இந்த நீட்டு வெட்டு குக்கர் மூடி, அன்றைக்குக் குனியாமல் இருந்திருந்தால் பள்ளம் நெற்றியில்தான், ஆனால் குனியத் தெரிந்திருந்தது, தட்டில் அவர் விரல் நின்றுபோகும் விதத்திலேயே தெரிந்துவிடும், அப்புறம் அவர் கைகழுவிவிட்டு வந்து சொல்வார், உன்னைத் தொட்டேனா, உம் மேல ஒரு விரல் பட்டுச்சா, சுவத்து மேலதான எறிஞ்சேன், மாமியாரும் அதையே சொன்னாள், ஊர்ல அவனவன் பொண்டாட்டிய மாட்டை அடிக்கிற மாதிரி அடிக்கிறான், எம்மகன் சுவத்தோட நிறுத்திக்கிறான், கொடுத்து வச்சவடி நீ என்றாள், தமயந்தியும் நம்பினாள், நமக்குப் படவேண்டியதைச் சுவர் வாங்கிக்கொண்டது என்று எத்தனையோ நாள் அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

தை பிறந்தால் நகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை என்று ஏறி இறங்கிக் காலண்டராக வாங்கி வருவாள், எல்லார் வீட்டிலும் காலண்டர் கண்ணுக்கு நேராகத் தொங்கும், இந்த வீட்டில் முருகன் இடுப்பு உயரத்தில் நின்றார், மகாலட்சுமி மூலையில் ஒண்டிக்கொண்டாள், எங்கே பள்ளமோ அங்கே சாமி, வருஷம் போகப் போகச் சாமிகள் கூடிக்கொண்டே போனார்கள், எதிர்வீட்டு ராஜம்மாள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, என்னடி இது அநியாயம், முருகனைப் போயி இம்புட்டுக் கீழ எறக்கி வச்சிருக்க என்று கேட்டாள், பாவாடை கட்டிய சுகந்தி படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், நாந்தான் பெரியம்மா மாட்டச் சொன்னேன், எனக்கு எட்டணும்ல என்றாள், அடி சமத்தே என்று ராஜம்மாள் கன்னத்தைக் கிள்ளினாள், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பொய் அந்த வாயில் எப்படி வந்தது, அன்றைக்குத் தமயந்திக்குப் பெருமையாக இருந்தது, ஐயோ, பெருமையாக இருந்தது, எம்பொண்ணு குடும்பத்தை விட்டுக்கொடுக்க மாட்டா என்று அவளுக்கு அன்று இரண்டு தோசை கூடச் சுட்டுப் போட்டாள்.

காகிதம் காய்ந்தது, இளம்பச்சை அடித்தாள், உருளையால் ஒருமுறை, இலைகளின் இடுக்குகளில் சின்ன பிரஷ்ஷால் ஒருமுறை, காய்ந்ததும் சுவர் கல்யாண மண்டபத்துச் சுவர் மாதிரி நின்றது, பள்ளங்கள் கொடிக்குள் எங்கேயோ போய்விட்டன, வளைகாப்பும் ஆயிற்று, ஐந்து வகைச் சாதம், மல்லிகை, சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுகந்தியை வண்டியில் ஏற்றினாள், மாப்பிள்ளை திருக்குமரனே ஓட்டிக்கொண்டு வந்தான், வழியெல்லாம் மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினான், எத்தனை அக்கறை என்று தமயந்திக்கு வயிறு குளிர்ந்தது, இறங்கியதும் மாமனாரும் மாப்பிள்ளையும் கூடத்தில் உட்கார்ந்தார்கள், தமயந்தி காபி கொடுத்துவிட்டு மகளை உள்ளே அழைத்து வந்தாள், கட்டில், புதுத் தலையணை, தொட்டிலுக்கு மாட்டிய கொக்கி, சுகந்தி எதையும் பார்க்கவில்லை, நேரே போய் அந்தச் சுவரில் கை வைத்தாள், கண்ணாடி வளையல்கள் சரிய மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தாள், இடுப்பு உயரத்தில் நின்றாள், இங்கதானம்மா முருகன் இருந்தாரு, ஒண்ணுமே தெரியலையே, மிச்சம் இருக்கா என்றாள்.

எதுக்குத்தா.

எங்க பெட்ரூம்ல ஒரு சுவத்துக்கு வேணும், ரொம்ப இல்லம்மா, பீரோவுக்குப் பக்கத்துல கொஞ்சம், டிவி ரிமோட்டு, அப்புறம் ஒருநாள் இஸ்திரிப் பெட்டி, நான் குனிஞ்சுட்டேன், என்னைத் தொடுறதில்லம்மா, நீ பதறாத, சுவத்துலதான், இந்த வயித்தோட குனியத்தான் கொஞ்சம் சிரமமா இருக்கு என்று சுகந்தி சொல்லிக்கொண்டே போனாள், கடையில் புடவைக்கு ரவிக்கை கேட்கிற குரல், அழுகை இல்லை, கூடத்திலிருந்து அழகர்சாமியின் குரல் வருகிறது, சுவரு எப்படி இருந்தா என்ன மாப்ள, இதை ஒட்டி மேல பெயிண்டை அடிச்சு விட்டுட்டா ஒரு பய கண்டுபிடிக்க முடியாது, திருக்குமரன் சிரிக்கிறான், அப்படியா மாமா, எந்தக் கடைன்னு சொல்லுங்க, நம்ம வீட்டுக்கும் வாங்கணும் என்கிறான், இரண்டு பேரும் காபியை உறிஞ்சுகிறார்கள், எத்தனை ஒற்றுமை, பாவிகளா, எத்தனை ஒற்றுமை.

தமயந்தி சுவரிடம் போனாள், இரண்டு தாள் சேர்கிற இடத்தில் நகத்தை விட்டாள், பெயிண்ட் பிடித்த காகிதம் முதலில் வரமாட்டேன் என்றது, பிறகு ஒரு முனை கிளம்பியது, அம்மா, என்னம்மா செய்யிற, நல்லாத்தான இருக்கு என்று சுகந்தி கையைப் பிடித்தாள், தமயந்தி அந்தக் கையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள், நீ உக்காரு என்றாள், இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், இலையும் கொடியும் இளம்பச்சையுமாகத் தாள் உச்சியிலிருந்து சரசரவென்று இறங்கித் தோளில் விழுந்தது, டம்ளர் தெரிந்தது, செம்பு தெரிந்தது, குக்கர் மூடி தெரிந்தது, அடுத்த தாளையும் இழுத்தாள், ஏய், என்ன சத்தம் அங்க என்று அழகர்சாமி கேட்டார், பழைய குரல், தமயந்தி குனியவில்லை, நீங்களும் வாங்க, மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க என்றாள், காபி கிடக்கட்டும் மாப்பிள்ளை, இப்படி வந்து எங்க வீட்டுச் சுவத்தைப் பாருங்க, உங்க மாமா கை வச்சது, எம்பொண்ணு பிரசவம் முடிஞ்சாலும் இனி உங்க வீட்டுக்கு வரமாட்டா, ஏன்னு இதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.