மூன்றாவது கொட்டேசன்

வாழ்வாதாரம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள் இல்லை. வாழ்வாதாரம் என்றால் ஆடு, அல்லது கோழிக்கூடு, அல்லது தையல் மெசின். "அவவின்ர வாழ்வாதாரம் போன கிழமை செத்துப் போச்சு" என்று ஒருத்தி சொன்னால், தொண்டு நிறுவனம் கொடுத்த ஆடு செத்துவிட்டது என்று மல்லாவியில் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வாழ்வாதாரம் வந்தது. இருபத்தைந்து கோழிக்குஞ்சு. கூட்டுக்கு வலை வருவதற்கு முதலே குஞ்சுகள் வந்துவிட்டன. மிச்சத்தைக் கீரி பார்த்துக்கொண்டது.

அதனால்தான் போன வருடம் மாதர் சங்கத்தில் வாழ்வாதாரத்துக்குப் பெயர் பதிந்தபோது நான் எழுந்து நின்று, எனக்கு லப்டொப் வேண்டும் என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சங்கத் தலைவி விமலேஸ்வரி அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் பிள்ளை தேனுகா, படம் பாக்கவோ?"

"படம் பாக்க இல்லை அக்கா. படம் கீற."

சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் வவுனியாவில் படவரைஞர் படிப்பு முடித்தவள். வீட்டுப் படம், கடைப் படம், மதில் படம் எல்லாம் கொம்பியூட்டரில் கீறுவேன். படித்து என்ன, சொந்தமாக மெசின் இல்லை. அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. அவவைத் தனியே விட்டுவிட்டு வவுனியாவில் அறை எடுத்து நிற்கவும் முடியாது. அப்படியிருக்க, எனக்குப் படிப்பித்த கௌசலா அக்கா வவுனியாவில் சொந்தமாக ஒரு படவரை அலுவலகம் திறந்தார். வீட்டில் இருந்தே வேலை செய்யலாம், மாதச் சம்பளம், தை முதலாந் திகதி, அதாவது ஜனவரி ஒன்று தொடக்கம் என்றார். ஒரேயொரு நிபந்தனைதான். ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் படத்தைப் பென்ட்ரைவில் போட்டுக் கையில் தந்தார்.

"இதை ரெண்டு நிமிசத்துக்குள்ள திறக்கிற மெசின் எடும். அதுக்குக் குறைஞ்சது எடுத்தால் நீரும் அழுவீர், நானும் அழுவன்."

நிறுவனத்தின் திட்ட அலுவலர் விஜிதரன் நான் கேட்டதை மறுக்கவில்லை. "புதுசாக் கிடக்கு, றிப்போட்டில போடலாம்" என்றார். மூன்று கடையில் விலை எழுதி வாங்கிய தாள், அதாவது கொட்டேசன், மூன்று எடுத்து, மூன்று மெசினையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணையும் கொண்டுவரச் சொன்னார்.

பென்ட்ரைவோடு முல்லைத்தீவுக்குப் போனேன். அங்கே மஸாஹிர் நானாவின் கொம்பியூட்டர் கடை. புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து தகப்பனின் பழைய காணியில் கடை போட்டவர். இரண்டு மெசினை மேசையில் வைத்தார். ஒன்றில் ஐ செவன் என்று பளபளக்கிற ஸ்டிக்கர். மற்றது ஐ ஃபைவ், கறுப்பு, பார்த்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த மாதிரி ஒரு அழகும் இல்லை. நான் ஐ செவனில்தான் முதலில் பென்ட்ரைவைக் குத்தினேன். அது இரைந்தது, சுட்டது, ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கட்டடத்தின் அரைவாசியைக் காட்டியது. கறுப்பு மெசின் ஐம்பது செக்கனில் முழுக் கட்டடத்தையும் திறந்து, நான் சுற்றச் சொன்ன பக்கமெல்லாம் சுற்றிக் காட்டியது.

"ஏழு பெருசு, அஞ்சு சின்னன் எண்டு நினைக்காதீங்கோ தங்கச்சி. இந்த ஏழு பத்து வருசத்துக்கு முந்தினது. ஸ்டிக்கரைப் பாத்து வாங்கினால் பிறகு ஸ்டிக்கரைத்தான் பாத்துக்கொண்டு இருக்கோணும்" என்றார் மஸாஹிர் நானா.

அவர் தந்த கொட்டேசனில் எல்லாம் இருந்தது. எத்தனையாம் தலைமுறை, நினைவகம் எவ்வளவு, படம் கீறத் தனியாகக் கிராபிக்ஸ் காட் உண்டா, பற்றரி எத்தனை மணித்தியாலம், உத்தரவாதம் எத்தனை வருடம். ஒரு பக்கம் முழுக்க இலக்கங்கள். மெசினை மார்கழி முடியும்வரை எனக்காக ஒதுக்கி வைப்பதாகவும் சொன்னார்.

மற்ற இரண்டு கொட்டேசனுக்கு அலைந்ததுதான் அலைச்சல். மாங்குளத்தில் ஒருவர், விற்காத சாமானுக்குத் தான் ஏன் மினக்கெட்டு விலை எழுதவேண்டும் என்று கேட்டார். பிறகு பாவம் பார்த்து, கடையின் பெயர் அடித்த வெறுந்தாள் ஒன்றில் சீல் குத்திக் கையெழுத்தும் வைத்துத் தந்தார். மல்லாவியில் போன் கவரும் போட்டோக்கொப்பியும் வைத்திருக்கிற கனகலிங்கம் அண்ணையும் அதையேதான் செய்தார்.

"விருப்பமானதை எழுதும் தங்கச்சி. எனக்கு உதுகள் விளங்காது."

இது கள்ளம் என்று எனக்கு அன்று தோன்றவேயில்லை. சங்கத்துக்குக் கதிரை வாங்கியதும் இப்படித்தான், தண்ணிப் பம்பு வாங்கியதும் இப்படித்தான். உண்மையாக ஒரு கொட்டேசன், சும்மா இரண்டு கொட்டேசன். இங்கே எல்லாரும் செய்வது. மூன்று கடை இல்லாத ஊரில் மூன்று கொட்டேசன் கேட்டால் வேறென்ன நடக்கும்?

சங்கத்துக் கொம்பியூட்டரில் இருந்து இரண்டையும் நானே ரைப் பண்ணினேன். மாங்குளத்துக்கு ஒரு சுமாரான மெசினை எழுதி, விலையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். கனகலிங்கம் அண்ணையின் தாளில், மஸாஹிர் நானாவின் கடையில் பார்த்த அந்தக் கிழட்டு ஐ செவனை எழுதினேன். திரை மட்டும் பதினேழு இஞ்ச் என்று பெருப்பித்தேன். விலையை மற்ற இரண்டையும்விடக் கூட்டிப் போட்டேன். ஆனால் தாள் மொட்டையாகக் கிடந்தது. அதைப்பற்றி எழுத உண்மையாக ஒன்றும் இல்லையே. அதனால், "மிகப் பெரிய திரை. உயர்ந்த தரம். நீண்டகாலம் உழைக்கும். எல்லா வேலைகளுக்கும் ஏற்றது" என்று நல்ல தமிழில் நாலு வரி போட்டேன். போடும்போது எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு மூன்று நாள் இருந்து அட்டவணையைச் செய்தேன். எது எத்தனை செக்கனில் திறக்கும், எது எத்தனை வருடம் தாங்கும், பழுதானால் உதிரிப்பாகம் எங்கே எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாக. கடைசியில், முல்லைத்தீவு மெசின்தான் விலையிலும் குறைவு, வேலையிலும் கூட என்று எழுதிக் கோடும் அடித்தேன்.

மார்கழி நடுவில் விமலேஸ்வரி அக்கா போன் எடுத்தார். குரலில் ஒரே சந்தோசம்.

"பிள்ளை, உமக்கு மூண்டிலயும் நல்லதைத்தான் எடுத்திருக்கு. ஆகலும் விலை கூடினது!"

"எதக்கா?"

"கனகலிங்கத்தாரின்ர. கமிட்டியில வாசிச்சுப் பாத்தனாங்கள். மற்ற ரெண்டிலயும் வெறும் நம்பர்தான் கிடக்கு. இதிலதான் நல்லதெண்டு வடிவா எழுதிக் கிடக்கு."

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். கனகலிங்கம் அண்ணை என்னைக் கண்டதும் எரிந்து விழுந்தார். "நீர் எழுதின மெசின் எங்க கிடக்கெண்டு மூண்டு நாளாத் தேடினனான். கொழும்பில பழசு விக்கிற ஒராளிட்டத்தான் அம்பிட்டது. ஐ செவன், பதினேழு இஞ்ச். உம்மட கடுதாசியில கிடக்கிறபடி ஒண்டும் பிசகேல்ல."

"அண்ணை, அது சும்மா எழுதினது. இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே!"

"வந்த ஓடரை வேண்டாமெண்டு சொல்ல எனக்கென்ன விசரோ?"

விஜிதரனுக்குப் பத்துத் தரம் போன் எடுத்தேன், தூக்கவில்லை. கிளிநொச்சியில் உள்ள நிறுவன அலுவலகத்துக்குப் போனால் அவர் கள விஜயம் என்றார்கள். கள விஜயமாம்! எங்கள் ஊரில் யாரும் அவரை அந்தக் கிழமை காணவில்லை. முல்லைத்தீவுக்கு எடுத்தேன். "மெசின் கிடக்கு தங்கச்சி, ஓடரை மாத்தினால் அண்டைக்கே அனுப்பிறன்" என்றார் மஸாஹிர் நானா. அந்த மனுசனின் நல்ல குரலைக் கேட்கக் கேட்க எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மார்கழி இருபத்தெட்டாந் திகதி காலையில் பொதுநோக்கு மண்டபத்தில் கையளிப்பு விழா. மேடைக்குப் பின்னால் பனர், முன்னால் ஏழு தையல் மெசின், வெளியே வேலியில் கட்டிய ஆடுகள். பிரதம விருந்தினராகக் கொழும்பில் இருந்து நிறுவனத்தின் பெரியவர் ஒருவர் வந்து மாலையோடு இருந்தார். முதலில் என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். லப்டொப் கொடுக்கிற படம்தான் அவர்களுக்கு றிப்போட்டின் முன்பக்கத்துக்கு வேண்டுமாம்.

பெரியவர் பெட்டியை நீட்டினார். போட்டோக்காரர் குனிந்தார். நான் பெட்டியை வாங்கி, படத்துக்கு நிற்காமல் மேசையில் வைத்துத் திறந்தேன். மெசினை எடுத்து, ஒலிபெருக்கிக்காரரின் வயரில் குத்தி, பென்ட்ரைவைப் போட்டேன்.

"என்ன தங்கச்சி செய்யிறீங்கள்?" விஜிதரன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு படம் திறக்கிறன் சேர். ரெண்டு நிமிசத்தில திறந்தால் கையெழுத்து வைக்கிறன்."

இரண்டு நிமிடம் போனது. மெசின் இரைந்தது. நான்கு நிமிடம். பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வெளியே ஆடு கத்தியது. தையல் மெசினுக்குக் காத்திருந்த பெண்கள் கதையை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தார்கள். ஏழாவது நிமிடத்தில் கட்டடத்தின் ஒரு தூண் வந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் திரை கறுத்து, மெசின் தானாகவே செத்தது. பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

"சேர், இன்னும் மூண்டு நாள் கிடக்கு. முல்லைத்தீவில நல்ல மெசின் விலை குறைவா இருக்கு. மாத்தித் தாங்கோ."

"ஏலாது. வருசம் முடியுது. இருந்த காசை முடிக்கோணும், இல்லாட்டித் திரும்பிப் போயிடும். ஃபைல் மூடியாச்சு" என்றார் விஜிதரன்.

"அந்தக் கொட்டேசன் பொய் சேர்! கனகலிங்கம் அண்ணை வெறுந்தாள் தந்தவர். நான் ரைப் பண்ணினது!"

மண்டபமே கேட்கக் கத்தினேன். சொல்லிவிட்டு, இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று நின்றேன். விஜிதரன் பதறவில்லை. பக்கத்தில் வந்து, குழந்தைப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி மெல்லமாகச் சொன்னார்.

"தெரியும் தங்கச்சி. ரெண்டிலயும் ஒரே எழுத்து, ஒரே பிழை. எல்லாரும் உப்பிடித்தான் தாறவை. ஃபைலுக்கு மூண்டு கடுதாசி இருந்தால் காணும், வேற ஒண்டும் தேவையில்லை. இப்ப என்ன, நீங்கள் எழுதினதைத்தானே வாங்கித் தந்தனாங்கள்?"

செவிட்டைப் பொத்தி அறைந்தது மாதிரி இருந்தது. தெரியுமாம். தெரிந்துகொண்டே மூன்று கடுதாசியை எண்ணி வைத்துவிட்டு, நான் மூன்று நாள் இருந்து செய்த அட்டவணையைத் திறந்தும் பார்க்கவில்லை. அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. ஆனால் அந்த நாலு வரியை எழுதியது அவர் இல்லை. உண்மையை எல்லாம் இலக்கத்தில் எழுதிவிட்டு, பொய்யை மட்டும் நல்ல தமிழில் எழுதியது நான்தான்.

"வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு ஒரு தாளில எழுதித் தாங்கோ. அடுத்த ஆளுக்குக் குடுக்கிறம்" என்றார்.

தாளை வாங்கினேன். மேசையிலேயே நின்றுகொண்டு எழுதினேன். 'மாங்குளக் கொட்டேசனையும் மல்லாவிக் கொட்டேசனையும் நானே ரைப் செய்தேன். மல்லாவித் தாளில் எழுதிய மெசின் அந்தக் கடையில் இருந்ததே இல்லை. இது திட்ட அலுவலருக்கு முன்னரே தெரியும். இந்த லப்டொப் என் வேலைக்கு உதவாது. ஆகவே ஏற்க மறுக்கிறேன்.' கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, திகதி.

விஜிதரன் அதை வாசித்தார். திரும்பவும் முதலாவது வரியில் இருந்து வாசித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இதென்ன தங்கச்சி? சொந்தக் காரணம் எண்டு எழுதினால் காணாதோ? இதை நான் ஃபைலில போடேலாது."

"ஏன் சேர், கடுதாசி இருந்தால் காணும் எண்டனீங்கள்."

"இனி உங்களுக்கு ஒரு நிறுவனமும் ஒண்டும் தராது. விளங்குதோ?"

"விளங்குது. கிழிக்கப் போறீங்கள் எண்டால் இஞ்சயே, எல்லாரும் பாக்கக் கிழியுங்கோ."

பெரியவர் என்ன தாள் என்று இங்கிலீசில் கேட்டார். விஜிதரன் ஒன்றும் இல்லை என்றார். கிழிக்கவும் இல்லை, ஃபைலில் வைக்கவும் இல்லை. நாலாக மடித்துச் சட்டைப் பொக்கற்றுக்குள் திணித்துக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். விமலேஸ்வரி அக்கா என் கையைப் பிடித்து, "நல்லதெண்டுதானே பிள்ளை எழுதிக் கிடந்தது" என்று அழுவார் போலச் சொன்னார். அவரோடு கோபிக்கக்கூட எனக்கு நியாயம் இல்லை. கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வேலியடியில் நின்று கௌசலா அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"மெசின் வந்திட்டுதோ தேனுகா?"

"இல்லை அக்கா."

"முதலாந் திகதிக்கு வேலை தொடங்கோணும் எண்டு தெரியும்தானே. அப்ப நான் வேற ஆளைப் பாக்கட்டோ?"

"பாருங்கோ அக்கா."

"ஏனப்பா, கடைசியில தராமல் விட்டிட்டினமோ?"

"இல்லை அக்கா, தந்தவை. நான் எழுதிக் குடுத்ததைத்தான் தந்தவை."