‘முடியாது’ வாரம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் போனை எடுக்கும் அந்த மனிதருக்கு, பிறந்ததிலிருந்து யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லிப் பழக்கமில்லை. இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்டு கத்துகிறவர்களிடம், “ஆள் வந்துகிட்டே இருக்காருங்க” என்பார். ஆள் அப்போதுதான் குளிக்கப் போயிருப்பார். இந்தக் குணத்தைத் திருத்திக்கொள்ளத்தான் சுயமுன்னேற்றப் புத்தகங்களில் இறங்கினார். இறங்கியவர் மேலே வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவற்றுக்கு விமர்சனம் எழுதும் அளவுக்குப் போய்விட்டார்.

அட்டையைப் புரட்டிவிட்டு எழுதுகிற ஜாதி இல்லை அவர். ஒரு வாரம் புத்தகம் சொன்னபடியே நடந்து பார்ப்பார். பிறகுதான் பேனாவைத் திறப்பார். பத்திரிகைக்காரர்களும் விமர்சனத்தின் அடியில் ‘அடுத்த வாரம்’ என்று கட்டம் கட்டி, வரப்போகும் புத்தகத்தின் பெயரைப் போட்டார்கள். வினையே அந்தக் கட்டத்தில்தான் இருந்தது.

தெருவே அந்தக் கட்டத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. கோபத்தை அடக்கும் புத்தகம் என்று வந்ததும், மாடியில் குடியிருக்கும் மச்சினன் வெகுநாளாக மறைத்து வைத்திருந்த செய்தியோடு இறங்கி வந்தான். இரவல் வாங்கிப் போன ஸ்கூட்டர் இப்போது இரண்டு துண்டாக இருக்கிறதாம். அவர் மூச்சை நன்றாக இழுத்துவிட்டுச் சிரித்தார். ஈகையைப் பற்றிய புத்தகம் வந்த வாரம் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஏணியைத் தூக்கிப் போனார். பின்னால் வந்தவர்களுக்கு ஏணி சாய்ந்திருந்த சுவர்தான் மிச்சம். அதிலும் ஒருவர் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அவர் மனைவிக்கு மட்டும் எந்த வாரமும் பலிக்கவில்லை. பல் செட் செய்வதில் அவள் கைகாரி. அவள் செய்த பல்லால் ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியையே மென்று தின்றதாகப் பேச்சு. கல்யாணத்துக்குப் பின் விட்டுவிட்ட அந்த வேலைக்குப் பழைய முதலாளி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போகட்டுமா என்று அவள் கேட்கும்போதெல்லாம், கையில் எந்தப் புத்தகம் இருந்தாலும், “பார்க்கலாம்மா” என்பார். மேலேயும் போகாது, கீழேயும் வராது. கம்பெனி அனுபவம்.

இப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டத்தில், ‘முடியாது என்று சொல்லிப் பழகு’ என்று வந்தது.

திங்கட்கிழமை வாசலில் ஒரு குருவி இல்லை. மச்சினன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினான். ஆபீசில் மேனேஜர் தன் ஃபைலைத் தானே சுமந்தார். ஊரில் ஒரு புகார்கூட வரவில்லை. சிக்கியவர்கள் கதவைத் தாங்களே நெம்பித் திறந்துகொண்டு வெளியே குதித்தார்கள் என்று கேள்வி.

மறுக்க வேண்டுமென்றால் யாராவது கேட்க வேண்டாமா? அவரே தெருவில் இறங்கி எலக்ட்ரீஷியனைப் பிடித்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று விசாரித்தார்.

“ஒண்ணும் வேணாம்ண்ணே. ஏணியைத் திருப்பித் தரலாம்னுதான் இருந்தேன். வாங்கிக்கிறீங்களான்னு கேட்டா முடியாதும்பீங்க. அடுத்த வாரம் தர்றேனே.”

வியாழக்கிழமை சாயங்காலம் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். மறுநாள் காலைக்குள் விமர்சனம் வராவிட்டால் அந்த இடத்தில் தலைமுடி எண்ணெய் விளம்பரம் வருமாம். எண்ணெய்க்காரர்கள் அந்த இடத்தை நிரந்தரமாகவே கேட்கிறார்களாம். “நான் உங்ககிட்ட எதுவும் கேக்கலை சார். சும்மா சொல்றேன்” என்று ஜாக்கிரதையாக வைத்துவிட்டார்.

போனை வைத்தவருக்கு உலகம் வழுக்கையாகத் தெரிந்தது. நடந்து பார்க்காமல் எழுத மனசாட்சி விடவில்லை. எழுதாவிட்டால் எண்ணெய் விடாது. அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்தார். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நீயாவது ஏதாவது கேளேன்.”

“கேட்டா?”

“முடியாதுன்னு சொல்லுவேன்.”

“அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?”

“மாறினா விமர்சனம் பொய்யாயிடும்ல?”

அவள் என்ன கேட்பாள் என்பது அவருக்குத் தெரியும். வருஷக்கணக்காகத் தொங்குகிற விஷயமும் இதோடு முடியும். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்வதற்குள் அவர் தொண்டையைச் செருமித் தயாராகிவிட்டார்.

“ஏங்க, நான் இனிமேலும் வேலைக்குப் போகாம வீட்லயே கிடக்கட்டுமா?”

“முடியாது.”

அடிவயிற்றிலிருந்து வந்தது அந்த வார்த்தை. அந்த அதிர்ச்சியில் சுவரில் இருந்த பல்லி கீழே விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாக மச்சினன் இன்றும் சொல்கிறான். அவன் அப்போது மாடியில் இருந்தான்.

“சரிங்க. நீங்களே முடியாதுன்னுட்டீங்க, நான் என்ன பண்றது? திங்கட்கிழமையிலேர்ந்து போறேன்” என்றாள் மனைவி, ரொம்பவும் அடக்கமாக.

சொன்னது என்னவென்று அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. “பார்க்க...” என்று ஆரம்பித்தார்.

“பார்க்கலாம்ங்கிறது கோழை சொல்ற ‘முடியாது’ன்னு அந்தப் புத்தகத்துலயே போட்டிருக்கு. நீங்க ஆபீஸ் போனப்போ நானும் படிச்சேன்.”

ஒரு பக்கம் வேளா வேளைக்குச் சாப்பாடு, மறு பக்கம் தலைமுடி எண்ணெய். பிறகு எழுந்து போய்ப் பேனாவைத் திறந்தார். புத்தகம் நூற்றுக்கு நூறு பலிக்கிறது என்று எழுதினார். கையெழுத்துப் போடும் முன் ஒரு குறையையும் சேர்த்தார்: ‘மறுப்பதற்கு முன் கேள்வியைக் கடைசிவரை கேட்கவும் என்று ஆசிரியர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.’

கட்டத்துக்கு என்ன போடுவது என்று பத்திரிகையிலிருந்து கேட்டபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். போனை மனைவி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்தால், ‘அடுத்த வாரம்: அடுப்படியில் ஆண்மகன்’ என்று இருந்தது.

திங்கட்கிழமை அவர் ஆபீசுக்கு லீவு போட்டார். மனைவி பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, தீய்ந்த வாசனையோடு எதையோ கிளறிக்கொண்டிருந்தார். மதியம் கதவு தட்டப்பட்டது. எலக்ட்ரீஷியன் ஏணியோடு நின்றிருந்தார். அதைச் சுவரில் பத்திரமாகச் சாய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

“நம்ம ஏணியாச்சே, குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். அண்ணே, இன்னைக்கு என்ன சமையல்?”