மாப்பிள்ளைக்குச் செய்த சேணம்

என் வீட்டுக்காரர் யாதாம் குதிரைச் சேணம் செய்கிறவர். எங்கள் ஆற்றோரத்துக் கூடாரங்களில் பாதிக்கு மேல் அவர் கைவேலைதான் கிடக்கிறது. கைராசி அப்படி. தலைக்கனமும் அப்படியே.

போன இலையுதிர்காலத்தில் மகள் ஓயுனைக் கல்சானுக்குக் கொடுத்தோம். கல்சான் அதிகம் பேசாத பிள்ளை. ஆனால் குதிரை மேய்ப்பதில் கெட்டிக்காரன். அவனுக்குக் கல்யாணச் சீராக ஒரு சேணம் செய்ய உட்கார்ந்த மனிதர், இதுவரை செய்த எதையும் போல அது இருக்கக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டார்.

சேணம் என்பது எங்கள் பக்கம் எல்லாக் குதிரைக்கும் பொது. இன்றைக்குப் பழுப்பில் ஏறுகிறவன் நாளைக்கு வெள்ளையில் ஏறுவான். அதனால் இரண்டு பக்கப் பலகையையும் ஏறக்குறைய நேராகவே செதுக்குவார்கள். அடியில் தடித்த கம்பளி விரிப்பைப் போட்டால் சந்துபொந்தெல்லாம் அடைபட்டுவிடும். கொழுத்த குதிரைக்கு ஒரு மடிப்பு, மெலிந்ததற்கு இரண்டு மடிப்பு. இவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஆளோட பாரம் பூரா ரெண்டு மூணு இடத்துலயே உட்கார்ந்துக்குது துல்மா. அதைப் பலகை முழுக்கப் பரப்பி விட்டா, ஆள் ஏறினதே குதிரைக்குத் தெரியாது" என்றார்.

வில்லோ மரத்தின் இளங்குச்சிகளை எங்கள் குதிரையின் முதுகில் வைத்து வளைத்து வளைத்து அளவெடுத்தார். தோளிலிருந்து இடுப்புவரை ஒரு விரல்கூடச் சந்து இல்லாமல் பலகையைக் குடைந்தார். முன்வளைவிலும் பின்வளைவிலும் வெள்ளிப் பூ பதித்தார். கல்சான் அதைப் போட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்து இறக்கியபோது, குதிரையின் முதுகில் வியர்வை ஒரே சீராகப் படிந்திருந்தது; பாரம் எந்த இடத்திலும் குவியவில்லை என்று அதற்கு அர்த்தம். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அன்றைக்கே இவர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னார். "மாப்ள, இதுக்கு அடியில தடி விரிப்பைப் போட்டீங்கன்னா என் மூஞ்சியில கரியைப் பூசின மாதிரி. மெல்லிசா ஒண்ணு போதும். என்ன?"

"சரிங்க மாமா" என்றான் கல்சான்.

நானும் சும்மா இருக்கவில்லை. பால் கறக்கப் போன இடத்தில், சாணம் பொறுக்கப் போன இடத்தில் எல்லாம் அந்தச் சேணத்தைப் பற்றியே பேசினேன். பெரிய மந்தைக்காரர் ஷக்தர் காதுக்கும் போயிற்று. அவருக்கு மூட்டு வலி. மந்தையோடு அலைய முடிவதில்லை. "வர்ற கோடையிலேர்ந்து என் குதிரைங்களைக் கல்சான்கிட்ட விட்டுடறேன். அதே மாதிரி எனக்கும் ஒரு சேணம் பண்ணிடு யாதாம்" என்றார். ஷக்தர் மந்தையை மேய்க்கிறவனுக்குக் கூலியாகக் குட்டிகள் கிடைக்கும். கொஞ்ச காலத்தில் அவனுக்கென்று ஒரு மந்தை சேர்ந்துவிடும். ஓயுன் அதை நினைத்தே குளிர்காலம் முழுவதும் பாடிக்கொண்டு திரிந்தாள்.

வசந்தத்தில் புழுதிப்புயல் அடித்து, பெண்குதிரைகள் சில காற்றோடு போய்விட்டன. கல்சான் தேடிப் போனான். ஒரு பட்டப்பகலில் திரும்பி வந்தான். நடந்து வந்தான். சேணம் அவன் தோளில் இருந்தது.

எங்கள் நாட்டில் ஓர் ஆண்பிள்ளை சேணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தால் ஒன்று குதிரை செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் முதுகை அவன் கெடுத்திருக்க வேண்டும். இவனுடைய பழுப்புக் குதிரையோ பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. எல்லாக் கூடாரத்தின் கதவும் திறந்திருந்தது. பக்கத்துக் கூடாரத்து ஹோர்லோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன துல்மா, உன் மருமவன் சேணத்தை மட்டும் சுமக்கறாரு? குதிரையையும் ஏத்திக்க வேண்டியதுதானே?"

எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. குதிரையின் தோளுக்குப் பின்னால் பக்கத்துக்கொன்றாக இரண்டு புண், இடுப்புக்கு முன்னால் இரண்டு புண். சதை தெரிந்தது. கல்சான் என் முகத்தைப் பார்க்காமல், "என் தப்புதான் அத்தை. கவனிக்கல" என்றான். இவர் வந்து புண்ணைப் பார்த்தார். சேணத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

மறுநாள் எங்கள் குதிரையைக் கொட்டகைக்குப் பின்னால் கட்டி, அதன் முதுகில் மாவைத் தூவிக்கொண்டிருந்தார். குச்சி வைத்து அளவெடுத்த அதே குதிரைதான். குளிர்காலம் அதை உருக்கியிருந்தது. முதுகெலும்பு கூரை முகடாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"ஏங்க, மாவு என்ன மண்ணா? மனுஷன் தின்றதுக்கே இல்ல!" என்று கத்திக்கொண்டே போனேன்.

அவர் காதில் விழவில்லை. மாப்பிள்ளையின் சேணத்தைத் தூக்கி வைத்தார், மேலே கையூன்றி அழுத்தினார், எடுத்தார். நடு முதுகில் மாவு தூவியது தூவியபடி இருந்தது. நாலே இடத்தில் மட்டும் துடைத்து எடுத்தாற்போலப் போயிருந்தது. தோளுக்குப் பின்னால் இரண்டு, இடுப்புக்கு முன்னால் இரண்டு.

இருவரும் பார்த்தோம். அவர் சட்டைக் கையால் மாவை அவசர அவசரமாகத் துடைத்தார். "கோடையில எல்லாம் கொழுத்துடும்" என்று குதிரையிடம் சொல்வதுபோலச் சொன்னார். கொழுத்த முதுகுக்கு அளவெடுத்த சேணத்தை மாப்பிள்ளைக்குக் கொடுத்து, தடி விரிப்பும் போடாதே என்று சொன்ன மனிதர் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட வாய் என்னுடையது. நானும் மூடிக்கொண்டேன்.

கல்சானுக்கு ஊரில் 'முதுகுதின்னி' என்று பெயர் விழுந்தது. இரவல் குதிரை கேட்டால் தரமாட்டார்கள். ஓயுன் பாடுவதை நிறுத்திவிட்டாள். பழுப்பின் புண் ஆறி, அந்த நாலு இடத்திலும் முடி வெள்ளையாக முளைத்தது. அந்த வெள்ளை, குதிரை சாகும்வரை போகாது.

கோடை தொடங்கி, குட்டிகளைக் கட்டிப் பெண்குதிரைகளைக் கறக்கும் முதல் விருந்துக்கு ஷக்தர் எல்லோரையும் அழைத்தார். மந்தை விஷயத்தில் அவர் முடிவு சொல்ல வேண்டிய நாளும் அதுதான். முடித்து வைத்திருந்த அவருடைய சேணத்தை இவர் எங்கள் குதிரையில் தனக்கு முன்னால் வைத்துக் கொண்டுவந்தார். அதே பலகை, அதே வளைவு.

புளித்த குதிரைப்பால் கிண்ணம் கை மாறி வந்தது. ஷக்தர் சேணத்தைத் தடவிப் பார்த்து மகிழ்ந்துபோனார். பிறகு கல்சான் பக்கம் திரும்பினார்.

"யாதாம் கையால செஞ்ச சேணத்தைப் போட்டும் குதிரை முதுகைத் தின்னவன் நீ ஒருத்தன்தான்யா. எப்படிப்பா அது? சொல்லு, நாங்களும் கத்துக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். கல்சான் கிண்ணத்தைப் பார்த்தபடி, "விரிப்புல ஈரம் இருந்துச்சு. நான் பாக்கல" என்றான்.

பச்சைப் பொய். ஈரமுமில்லை ஒன்றுமில்லை. மாமனார் மானத்துக்காக அந்தப் பிள்ளை சபை நடுவில் தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்கிறான், மாமனார் உலர்தயிரை மென்றுகொண்டிருக்கிறார். நான் முழங்கையால் அவர் விலாவில் இடித்தேன். அவர் நகர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை, வலிக்கிற மாதிரியே இடித்தேன்.

அதற்குள் ஷக்தர் எழுந்து, தன் பந்தயக் குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். பந்தயத்துக்காகத் தீனியைக் குறைத்து, வியர்க்க வியர்க்க ஓட்டி, வயிறு ஒட்டக் கட்டிப்போட்டிருந்த குதிரை அது. முதுகில் சதையே இல்லை. அதில்தான் பந்தயம் நடக்கும் ஊர்வரைக்கும் ஏறிப் போகப்போகிறாராம். தானே சேணத்தைத் தூக்கினார்.

"ஏத்தாதீங்க அண்ணே" என்றார் இவர்.

குரல் அவருடையது மாதிரியே இல்லை. எழுந்து போய், சேணத்துக்கும் குதிரைக்கும் நடுவில் நின்றார்.

"இது கொழுத்த முதுகுக்குச் செஞ்சது. மெலிஞ்சதுல வச்சா நாலு இடத்துல கடிக்கும். மாப்பிள்ளை குதிரையைக் கடிச்சதும் இதோட ஜோடிதான். அவர் மேல தப்பு இல்ல. தடி விரிப்பு போடக்கூடாதுன்னு சொன்னதும் நான்தான்."



"உனக்கு எப்பத் தெரியும்?" என்று ஷக்தர் கேட்டார்.

"வசந்தத்துலயே."

ஷக்தர் சேணத்தைப் புல்லில் மெல்ல வைத்தார். இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கல்சானைத்தான் பார்த்தார்.

"உனக்கு?"

கல்சான் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "வழியிலயே. முதுகு வீங்கினப்பவே தெரிஞ்சுது."

"உன்கிட்ட வேற விரிப்பு இல்லையா?"

"பையில இருந்துச்சு. தடிச்சதுதான்."

"அப்புறம் ஏன்யா போடல?"

கல்சான் மாமனாரை ஒருமுறை பார்த்தான். "மாமா வேண்டாம்னாரு."

ஷக்தர் தாடையைத் தடவினார். "ஈரத்தைப் பாக்கலன்னு சொன்னப்ப, சின்னப் பையன், கத்துக்குவான்னு நினைச்சேன். மந்தையைக் குடுத்துடலாம்னுகூட இருந்தேன். ஆனா நீ பாத்திருக்கே. பாத்துட்டே ஏறியிருக்கே. மாமனாருக்கு மரியாதை குடுத்தே, சரி. அந்த வாயில்லா ஜீவனுக்கு யார் குடுப்பா? உன் மேல எனக்குக் கோவம் இல்லப்பா. ஆனா என் குதிரைங்களை உன்கிட்ட விடமாட்டேன்."

"நீங்க சொல்றது நியாயம்தான்" என்றான் கல்சான். ஓயுன் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து நிற்பான் என்று நினைத்துத்தான் நான் இடித்தேன். வசந்தத்திலேயே சொல்லியிருந்தாலும் ஷக்தர் இதையேதான் கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அதோடு இந்தப் பொய்யும் சேராமல் இருந்திருக்கும், அவ்வளவுதான் தெரியும். வெட்கம் என் காதுமடல்வரை சுட்டது.

இவர் குனிந்து சேணத்தை எடுத்தார். எங்கள் குதிரை கட்டுக்கயிற்றில்தான் நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கம் போகவில்லை. சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்த வட்டத்தின் நடுவாக நடந்தார். ஹோர்லோவைத் தாண்டி நடந்தார். அவள்கூட வாயைத் திறக்கவில்லை. யாரோ ஒரு குழந்தைதான், "அந்தத் தாத்தா குதிரை செத்துப்போச்சா?" என்று கேட்டது.

கல்சான் ஓடிவந்தான். "மாமா, குடுங்க, நான் தூக்கிட்டு வரேன்."

"நீங்க ஏற்கெனவே தூக்கியாச்சு மாப்ள" என்றார் இவர், நிற்காமல்.

நானும் எழுந்து நடந்தேன். ஆற்றங்கரையில்தான் அவரை எட்டிப் பிடித்தேன். மேலெல்லாம் வியர்த்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். என் கோபம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"ஏங்க, தோளை மாத்திக்கங்க. ரொம்ப அழுத்துதா?"

"அழுத்தட்டும்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ஒரே இடத்துலதான் துல்மா அழுத்துது" என்றார்.