கறுப்பு ஒயர்

ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் தம்பிக்கு மோட்டார் ஓட்டும் வேலை. மோட்டார்கள் தரைமட்டத்துக்குக் கீழே, கிணறு போன்ற பள்ளத்தில் இருந்தன. ஆறு வரும் திசையில் இருந்த மேல்பாலத்தில் நீர்மட்டம் பதினெட்டு அடியைத் தொட்டால் சுவிட்சை அணைத்துவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்பது அங்கே விதி. உள்ளூர் வானொலி மணிக்கொருமுறை அந்த அளவைச் சொல்லும். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் போனில் இயர்போனின் கறுப்பு ஒயரைச் செருகி, அந்த அறிவிப்பைக் கேட்டுத்தான் வேலை பார்த்தார்.

அண்ணன் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் வாசல் தாண்டமாட்டார். அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் தகப்பனார் காதில் ஒயரோடு நின்ற தம்பியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், உங்க தம்பிக்குக் காது வழியா குளுக்கோஸ் ஏத்துறாங்களா?"

கூடம் முழுவதும் சிரித்தது. தம்பியும் சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

விருந்தினர் போனதும் அவர் கையை நீட்டினார். "அந்தச் சனியனைக் கழட்டிக் குடு. பாப்பா கல்யாணம் முடியிறவரைக்கும் இது உன் கழுத்துல தொங்கக் கூடாது. ஒயரில்லாதது ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், மாட்டிக்கோ."

"அண்ணே, பாட்டு கேக்குறதுக்கு இல்லண்ணே. அந்த ஒயர்தான் ஏரியல். அது இல்லாட்டி போன்ல ரேடியோ எடுக்காது."

"நெட்டுல எல்லா ஸ்டேஷனும் வருது. எனக்குப் பாடம் நடத்தாதே."

அண்ணன் கிழித்த கோட்டைத் தம்பி தாண்டியதில்லை. ஒயர் மேசை இழுப்பறைக்குள் போனது.

அடுத்த வாரம் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் காற்றில் செல்போன் கோபுரம் சாய்ந்தது. சற்றுமுன்தான் வேலைக்கு வந்து பள்ளத்தில் இறங்கியிருந்த தம்பி, நெட்டில் ஓடும் வானொலிச் செயலியைத் திறந்தார். வட்டம் சுற்றியது. மறுபடி அழுத்தினார். வழக்கமான அறிவிப்பாளரின் குரல் வந்தது: "மேல்பாலத்தில் நீர்மட்டம் பன்னிரண்டு அடி."

அது போனில் சேமிப்பாகியிருந்த காலை ஆறு மணி அறிவிப்பு. நேரடி ஒலிபரப்பையே பன்னிரண்டு ஆண்டு கேட்டுப் பழகிய காது, பழைய குரலும் வரக்கூடும் என்று நினைக்கவில்லை. இன்னும் ஆறடி இருக்கிறதே என்று அவர் மோட்டாருக்கு எண்ணெய் விடக் குனிந்தார்.

அதே நேரம் வீட்டில் மின்சாரம் இல்லை, நெட் இல்லை. அண்ணி இழுப்பறையில் மெழுகுவர்த்தி தேடினாள். கையில் ஒயர் சிக்கியது. போனில் செருகி, ஸ்பீக்கரைப் போட்டாள். குரல் கணீரென்று வந்தது.

"மேல்பாலத்தில் இருபத்தோரு அடி. கரையோரம் இருப்பவர்கள் உடனே வெளியேறுங்கள். மீண்டும் சொல்கிறோம்..."

"நல்லவேளை, உங்க தம்பி இதைக் கேட்டுட்டு எப்பவோ மேல ஏறியிருப்பாரு" என்றாள்.

அண்ணன் அவள் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். தம்பிக்கு அழைத்தார், போகவில்லை. செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினார். நீரேற்று நிலையத்தின் கூரை மட்டும் வெளியே தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது.

துக்கம் கேட்க மாப்பிள்ளையின் தகப்பனார் வந்தார். கசங்கிய சட்டையோடு அண்ணன் வாசலில் நின்றார். கழுத்தில் அந்தக் கறுப்பு ஒயர் தொங்கியது.

"என்ன சம்பந்தி பண்றது, விதி" என்றார் வந்தவர்.

"விதி மேல போடாதீங்க. நெட்டு நின்னாலும் காத்துல வர்ற ரேடியோ நிக்காதுன்னு அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியல. தெரிஞ்சவனைப் பேசவும் விடல. நாலு பேர் சிரிச்சாங்கன்னு, எதுக்கு வச்சிருக்கான்னு கேக்காம ஒருத்தன் கையில இருக்கிறதைப் பிடுங்குறதுக்குப் பேரு கௌரவம் இல்ல, சம்பந்தி. கொலை."