செம்பனை முள்

எங்கள் ஊர் பகாவிலிருந்து சிரம்பான் மருத்துவமனைக்கு ஷாமினியைக் கூட்டிப்போனபோது அவளுடைய வலது முழங்கால் தேங்காய் அளவு வீங்கியிருந்தது. என் மகள் மாநில ஹாக்கி அணியின் முன்வரிசை ஆட்டக்காரி. கிளினிக்கில், விளையாட்டில் பட்ட அடி என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். வீக்கம் வற்றும், மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வரும்.

டாக்டர் ரஜியா மூட்டிலிருந்து நீரெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கட்டிலருகே வந்தார்.

“பேன்டோயான்னு ஒரு கிருமிம்மா. செடி கொடியில இருக்கிறது. உன்னை மாதிரி நல்லா இருக்கிற பிள்ளைக்கு மூட்டுல வர்றது அபூர்வம். முள்ளு ஏதும் குத்திச்சா?”

“இல்ல டாக்டர். திடல்ல விழுந்துட்டேன்.”

“நல்லா யோசி. முள்ளு உள்ள தங்கியிருந்தா எந்த மருந்துக்கும் அடங்காது. மூட்டையே அரிச்சிடும். அப்புறம் ஹாக்கிய மறந்துட வேண்டியதுதான்.”

ஷாமினி என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலின் மறுபக்கம் அவளுடைய அணித்தோழிகள் இரண்டு பேர் நின்றார்கள், சிரம்பான் பிள்ளைகள். லீவு நாட்களில் அவள் என்னோடு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழம் பொறுக்குவது அவர்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று அவள் நினைத்ததும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“குத்திச்சு டாக்டர்,” என்றேன். “உதிரிப் பழம் பொறுக்க மண்டி போட்டப்ப, பனைமட்டை முள்ளு முட்டியில ஏறிடுச்சு. ஊக்கால நான்தான் எடுத்தேன். முழுசா வந்துடுச்சுன்னு நெனச்சேன்.”

“அம்மா!”

“என்ன அம்மா? திருடவா போனோம்? நீ கட்டுற மூட்டையத் தூக்க ரெண்டு ஆம்பளைங்க வேணும்லா!”

தோழிகளில் கோல்கீப்பராக ஆடும் பெண் சிரித்துவிட்டாள். “அடிப்பாவி, அதான் நீ இடிச்சா நாங்க பறக்குறோமா? ஜிம்முக்குப் போறேன்னு பொய்யா சொன்ன?”

ஷாமினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அறுவை சிகிச்சையில் அரிசி நீளத்துக்கு ஒரு கறுத்த முள் நுனி வெளியே வந்தது. மருந்து பல வாரம் ஓடும், இந்த வருசப் போட்டி இல்லை, ஆனால் மூட்டு தப்பியது, அடுத்த வருசம் ஓடலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை பயிற்சி மருத்துவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். முள் எப்படி ஏறியது என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஷாமினி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அம்மாகூட தோட்டத்துல பழம் பொறுக்கினேன் டாக்டர்,” என்றாள், அடுத்த கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி. “நான் ஃபாஸ்ட். அம்மா என்னைவிட ஃபாஸ்ட்.”