எட்டுப் பக்கம்

1

நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. அதற்குள் இந்தக் கதை சேர வேண்டிய தொகுப்பு அச்சுக்குப் போக வேண்டும். இதை எழுத உட்கார்ந்த காரணம் அதுதான். வேறு தூண்டுதல் இல்லை. ஆத்திரம் மட்டும் உண்டு. யார்மேல் என்பதைத் தள்ளிப்போடுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஹந்தானை மலையில் பனி இறங்கிய ஒரு காலையில் பாலாம்பிகை

வேண்டாம். அவள் வேலை செய்தது பனி தெரியாத அறையில். கண்டி நகரில் ஓர் அச்சகத்தின் மேல்மாடி. ஒரு கணினி. ஜன்னல் இல்லை. பேராதனையில் தாவரவியல் படித்தவள், ஆசிரியர் நியமனம் வரும்வரை என்று சேர்ந்தாள். இது நான்காவது வருடம். மற்றவர்களின் கதைகளைத் தட்டச்சுச் செய்து பிழை திருத்துவாள். வீட்டுக்குப் போய்த் தன் கதையை எழுதுவாள்.

(பெயர் மட்டும் நான் வைத்தது.)

2

எழுத்துப்பிழையோடு அவள் நிற்கவில்லை. இலக்கிய வட்டத் தலைவர் மயில்வாகனத்தின் கதையில், கொழுந்து பறிக்கிற மலை முழுக்கத் தேயிலை பூத்துக் குலுங்கியது. பறிக்கிற செடி அப்படிப் பூக்காது. கதையோ அந்தப் பூவில்தான் முடிந்தது. அவள் கடைசிப் பத்தியை வேறாக எழுதினாள். அவரிடம் சொல்லவில்லை.

அவர் புரூப் பார்த்தார்.

"பாருங்கோ பிள்ளை, என்ரை எழுத்து வாசிக்க வாசிக்க எனக்கே பிடிக்குது."

"ஆமா சார்."

(இங்கே உங்களுக்கு அவள்மேல் இரக்கம் வரும். வரட்டும் என்றுதான் எழுதினேன். அது நேர்மையான வேலை இல்லை.)

இலக்கிய வட்டம் வெளியிடும் அந்தத் தொகுப்பில் அவள் கதையும் இருந்தது. அச்சேறும் அவளுடைய முதல் கதை, எட்டுப் பக்கம். வட்டத்தார் வாசித்துத் தேர்ந்தது. மாநகர சபையில் வேலை செய்யும் அவள் அப்பா காளிமுத்து, தான் பிறந்த தேயிலைத் தோட்ட லயத்துக்கே போய் எல்லோரையும் வெளியீட்டுக்கு அழைத்துவிட்டார்.

3

அச்சக உரிமையாளர் சித்தி றலியா படியேறி வந்தார்.

"புள்ள, அச்சடிக்கிற ஒரு பாரத்தாளுக்குப் பதினாறு பக்கம். பத்துப் பாரம்தான் பேச்சு. எட்டுப் பக்கம் கூட நிக்கிது. தலைவருக்கிட்ட கேட்டு என்னத்தையாவது எடுங்க."

மயில்வாகனத்தின் முன்னுரையும் எட்டுப் பக்கம். பாலாம்பிகை அவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

[இங்கே ஒரு வாக்கியம் வர வேண்டும். மூன்று தடவை எழுதி அழித்தேன்.]

புத்தகம் அச்சானது. முன்னுரை இருந்தது. அவள் கதை இல்லை.

"தலைவர் எடுத்துட்டாருப்பா" என்றாள் வீட்டில். அப்பா நம்பினார். நீங்களும் இப்போதைக்கு நம்புங்கள்.

4

முடிவு ஒன்று: அவள் வேலையை விட்டுத் தனி நூல் போடுகிறாள். நல்ல முடிவு. எனக்குத் தெரிந்து யாருக்கும் நடந்ததில்லை.

முடிவு இரண்டு: மயில்வாகனம் மனம் நொந்து மன்னிப்புக் கேட்கிறார். எழுதினேன். அவர் வாயில் அந்த வார்த்தைகள் ஒட்டவில்லை.

மூன்றாவதற்கு முடிவு என்று பெயர் வைக்க மாட்டேன். நடந்ததை எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். அதற்குப் பிறகு அவள் எழுதினாளா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

5

வெளியீட்டு மண்டபத்தில் காளிமுத்து புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினார். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்: கணினி வடிவமைப்பு – கா. பாலாம்பிகை. பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தவரிடம் விரல் வைத்துக் காட்டினார்.

"எங்க புள்ள பேரு."

பிறகு புத்தகத்தை மூடினார். எழுந்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்ப்பா."

"விடும்மா. எல்லாருக்கும் 'சரிங்க சார்' சொன்னது போதும்."

மேடைக்குக் கீழே போய் நின்றார்.

"சார், எம்மக கதைய ஏன் சார் எடுத்தீங்க? ஒங்க முன்னுரைய எடுத்திருக்கலாமே?"

மயில்வாகனம் மைக்கை விட்டு விலகி அவளைத் தேடினார்.

"ஐயா, நான் அதைத்தானே சொன்னனான். முன்னுரையைத் தூக்குங்கோ, பிள்ளையின்ரை கதை கிடக்கட்டும் எண்டு. இந்த முன்னுரை எப்பிடிப் புத்தகத்துக்குள்ள வந்ததெண்டு நானும் யோசிச்சுக்கொண்டு நிக்கிறன்."

லயத்துச் சனம் திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா சொல்றாரு இவரு?"

அச்சகத்தில் தவறிவிட்டது என்று அவள் சொல்லலாம். எல்லோரும் நம்புவார்கள். அப்படியும் எழுதிப் பார்த்தேன், அழகாகவே வந்தது. ஆனால் அப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் எடுக்கலப்பா. தலைவர் முன்னுரைய எடுக்கத் துணிவு வரல. எங்கதைய நாந்தான் எடுத்தேன்."