தூரிட்டின் நாடி

மனைவி தூரிட்டின் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது ஹால்வோரின் கயிறு மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டது. தலைமாட்டுப் பக்கம் சாய்ந்தது. எதிரே கயிறு பிடித்திருந்த மகள் சில்யே, "மெதுவா விடுங்கப்பா," என்றாள். அவர் பிடியை இறுக்கினார். உறைந்த மண்ணை இளக்குவதற்காக முந்தின நாளே சூடேற்றும் கருவியை வைத்திருந்ததால், குழியைச் சுற்றி மட்டும் பனி உருகிக் கறுத்த சேறாகக் கிடந்தது. பெட்டி அடியைத் தொட்டதும் கயிறு தளர்ந்தது.

பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் மூன்று பேர் அறுபது தாண்டிய பெண்கள். ஒரு காலத்தில் தூரிட்டோடு நார்வேயின் பனிச்சறுக்குத் துப்பாக்கிப் போட்டி அணியில் ஓடியவர்கள். ஆண்கள் கைகொடுக்க வந்தபோது, "தள்ளி நில்லுங்கடா, இதைவிடக் கனமெல்லாம் தூக்கினவங்க நாங்க," என்று அவர்களில் ஒருத்தியான க்ரூ அதட்டிவிட்டாள்.

நல்ல சாவு என்று ஊரே சொன்னது. வலியில்லை, படுக்கையில்லை, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள், கொடுத்து வைத்தவள். பாதிரியாரும் அதையே சொன்னார். ஹால்வோர் எல்லோருக்கும் தலையாட்டினார். அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதை மகளிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தார், தினமும் தள்ளிப்போட்டார். சொன்னால் இருக்கிற ஒரே பெண்ணும் தன்னைவிட்டுப் போய்விடுவாள் என்று பயந்தார்.

அடக்கம் முடிந்ததும் சபைக் கூடத்தில் காப்பியும் இறால் வைத்த ரொட்டியும் பரிமாறினார்கள். ஆளுக்கொருவராக எழுந்து நினைவு சொல்வது வழக்கம். க்ரூ கோப்பையைக் கரண்டியால் தட்டிவிட்டு எழுந்தாள்.

"நாங்க ஓடின காலத்துல ஒலிம்பிக்ல பொம்பளைங்களுக்கு இந்தப் போட்டியே கிடையாது. பொம்பளை முதுகுல துப்பாக்கியக் கட்டிக்கிட்டுப் பனில சறுக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்னு ஒரு பெரிய மனுஷன் கூட்டத்துல பேசினான். தூரிட் எழுந்தா. 'எங்க பண்ணைல நான் தூக்குற பால் கேன் இந்தத் துப்பாக்கியவிட நாலு மடங்கு கனம். அதுக்கு ஏன் சார் யாரும் கூட்டம் போடல?'ன்னு கேட்டா. அந்தாளு தண்ணி குடிக்கப் போனவன் திரும்பி வரல."

கூடம் சிரித்தது.

"உலகப் போட்டில நாலு தங்கம். எப்படி வாங்கினான்னு நினைக்கிறீங்க? காலு எங்களுக்கும்தான் இருந்துச்சு. ஓடி வந்து சுடுற இடத்துல நின்னா எங்க நெஞ்சு தகரம் மாதிரி அடிச்சுக்கும், குறியே நிக்காது. தவறின ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தண்டனைச் சுத்து கூடுதலா ஓடணும். நாங்க சுத்திக்கிட்டே இருப்போம், இவ போய்க்கிட்டே இருப்பா. இவ இதயம் மட்டும் நின்ன இடத்துல தூங்கப் போயிடும். அப்புறம் இந்த ஹால்வோர். பின்னால நின்னு குண்டு எங்க படுதுன்னு தொலைநோக்கில பார்த்து, 'இடது பக்கம் ரெண்டு'ன்னு சொல்வான். ஏன் எதுக்குன்னு கேட்கமாட்டா, துப்பாக்கிக் குறியத் திருகிடுவா. தெய்வமே சொன்னாக்கூட நான் ஒரு தடவை யோசிப்பேன்."

எல்லோரும் ஹால்வோரைப் பார்த்தார்கள். அவர் காப்பியைப் பார்த்தார்.

"சில்யே பொறந்தப்ப நர்ஸ் தூரிட்டோட நாடி பார்த்திருக்கா. நமக்கெல்லாம் நிமிஷத்துக்கு எழுபது, அவளுக்கு முப்பத்தெட்டு! பயந்து மணி அடிச்சு நாலு டாக்டர் ஓடி வந்துட்டாங்க. நம்ம ஹால்வோர் வாசல்ல நின்னுக்கிட்டு, 'அவ உலக சாம்பியன்மா, முதல்ல உங்க மெஷினப் பாருங்க'ன்னானாம். கடைசில ஒலிம்பிக்ல நம்மளையும் சேர்த்தப்ப அவளுக்கு முப்பத்திரண்டு வயசு, இடுப்புல குழந்தை. தேர்வுப் போட்டில கடைசிக் குண்டு ஒண்ணு தவறுச்சு. அணில இடமில்ல. வீட்டுக்குப் போனா, துப்பாக்கியத் தொடைச்சு வெச்சா, மாடு கறந்தா. எங்கிட்டகூட அழல." க்ரூவின் குரல் அங்கே உடைந்தது. "அந்த இதயம் ஏன் இப்படி நின்னுச்சுன்னுதான் எனக்குப் புரியல," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸ் கதைக்கு ஹால்வோரும் சிரித்திருந்தார். பழக்கம், வாய் தானாகச் சிரித்துவிட்டது. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டின் கீழே நின்றார்.

சாவு நடந்த அன்று காலை தூரிட் ரொட்டியைக் கடித்தவள் அப்படியே தட்டில் வைத்தாள். "ஹால்வோர், உடம்பு ஒரு மாதிரி இருக்கு. எழுந்தா கண்ணு இருட்டுது. டாக்டருக்குப் போன் பண்ணு," என்றாள். அவள் தானாக டாக்டர் என்று சொன்னதே இல்லை. அவர் வழக்கம்போல் அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்திநாலு. அந்த நிமிடத்தில் அவருக்கு வந்தது பயமில்லை, பெருமை. அதை நினைக்கும்போதுதான் அவருக்குத் தன் விரல்களையே வெட்டிப் போடலாம் போல் இருந்தது.

போன் செய்யத்தான் செய்தார். மறுமுனையில் இருந்த பெண், "முப்பத்திநாலா? ஆம்புலன்ஸ் அனுப்புறேன்," என்றாள். ஹால்வோர் சிரித்தார். "அவ யாருன்னு தெரியாம பேசுறீங்கம்மா," என்று பெயரைச் சொன்னார். "ஓ, அந்த தூரிட்டா?" என்று அவளும் சிரித்தாள். "அப்ப ஆம்புலன்ஸ் வேணாமா?" என்று மறுபடி கேட்டாள். வேண்டாம் என்றார். "மோசமானா உடனே கூப்பிடுங்க," என்று அவள் வைத்தாள்.

"உன் இதயத்துக்கு இன்னும் இருபது வயசுதான்டி," என்று மனைவியிடம் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஏன் எதுக்கென்று கேட்கவில்லை. "சரி, நீ சொன்னா சரி," என்றாள். அவர் பாதையில் விழுந்திருந்த பனியைத் தள்ளப் போனார். திரும்பி வந்தபோது மேசையில் காப்பி கொட்டியிருந்தது.

கதவு திறந்தது. சில்யே கோட்டு இல்லாமல் வெளியே வந்தாள். இரண்டு படி இறங்கியவள் சட்டென்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. கொஞ்ச நாளா இப்படித்தான், குனிஞ்சு நிமிர்ந்தா கிறுகிறுன்னு வருது. இதுல தூக்கமும் இல்ல." அவள் கையிலிருந்த, நாடி காட்டும் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவளும் குளிர்காலம் முழுக்க நெடுந்தூரப் பந்தயம் ஓடுகிறவள். முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "பாருங்க, முப்பத்தாறு. சும்மாவா, யார் பொண்ணு?"

அவர் மெச்சிக்கொள்வார் என்று காத்திருந்தாள். அந்த வீட்டில் சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் சாகும்வரை யாரும் கேட்கப்போவதும் இல்லை.

"சில்யே, உங்கம்மா அன்னிக்குக் காலைல டாக்டரைக் கூப்பிடச் சொன்னா."

"என்னது?"

"உடம்பு சரியில்லன்னா. கண்ணு இருட்டுதுன்னா."

"நீங்க கூப்பிடலையா?"

"கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் அனுப்புறோம்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏம்ப்பா?"

"நாடி முப்பத்திநாலு இருந்துச்சு."

வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் அதற்கு விளக்கம் கேட்டிருப்பாள். சில்யே கேட்கவில்லை. சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தின்மேல் விட்டுக்கொண்டாள். உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தட்டுகள் சத்தமிட்டன.

"க்ரூ அந்தக் கதையச் சொன்னப்ப நீங்களும் சிரிச்சீங்க," என்றாள்.

"ஆமா."

"நான் பார்த்தேன். நானும்தானே சிரிச்சேன்."

"என்னைத் திட்டு. பேசாமலே இரு, வீட்டுக்கு வராம இரு. ஆனா இப்பவே ஆஸ்பத்திரிக்கு வா. கிறுகிறுப்போட வர்ற இந்த நாடி பெருமையில்லம்மா, அது வியாதி. அவளுக்கும் அதுதான் இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல."

அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவுதான் என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் க்ரூ காப்பிக் கூஜாவோடு தலையை நீட்டி, "ஏய், கேக் வெட்டப் போறோம், அப்பனும் மகளும் எங்க போனீங்க?" என்று கத்தினாள். அவளை ஒதுக்கிக்கொண்டு சில்யே வந்தாள். கோட்டு போட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"நாங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றோம், சித்தி," என்றாள்.

"எங்கடி, இப்பவா?"

"வந்து சொல்றேன்."

காரை நோக்கி அவள் முன்னால் நடந்தாள். ஹால்வோர் சாவியைத் தேடி எடுத்துப் பூட்டைத் திறந்தார். சில்யே, அம்மா உட்காரும் பக்கத்து முன்கதவுவரை போனாள், ஒரு நொடி நின்றாள், பிறகு பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிக்கொண்டாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது உட்கார்ந்த இடம். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

கண்ணாடிகளில் பனி கெட்டியாகப் படிந்திருந்தது. அவர் சுரண்டியை எடுத்து முன்கண்ணாடியைச் சுரண்டினார். தன் பக்கத்துச் சன்னலைச் சுரண்டினார். பிறகு காரைச் சுற்றி வந்து, யாரும் உட்காராத இருக்கையின் சன்னலையும் மூலைவரை சுத்தமாகச் சுரண்டினார்.